ஷீபா எடுத்த பாட்டு

பொன்மலையில் எங்கள் சபை சின்னது. முப்பது பேர் வந்தாலே பெரிய கூட்டம். அங்கே பாட்டை எடுத்துக்கொடுப்பது எப்போதும் நான்தான். புதிதாக வந்த பாஸ்டர், "ஆளுக்கு ஒரு ஊழியம் செய்யணும். அதுதான் எனக்குப் பலம்" என்று சொல்லி, லால்குடியிலிருந்து வருகிற ஷீபாவைப் பாடச் சொல்லிவிட்டார். நேற்று வந்தவள்!

ஞாயிற்றுக்கிழமை எடுத்த எடுப்பிலேயே உச்சத்தில் ஆரம்பித்தாள். சரணத்தில் மாட்டிக்கொள்வாள் என்று எனக்குத் தெரியும். கூடப் பாடிக் கைகொடுக்காமல் வாயை இறுக மூடிக்கொண்டேன். நினைத்தபடியே குரல் உடைந்து நின்றது. என் மனசு குளிர்ந்தது.

அடுத்த நொடியே, பின்வரிசையில் இருந்த கிருபாகரன் விட்ட இடத்திலிருந்து பாட்டைப் பிடித்தார். பிறகு பெண்கள், பிள்ளைகள் என்று எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். தகரக் கூரையே அதிர்ந்தது. நான் பாடும்போது உதட்டைக்கூட அசைக்காத ஜனங்கள்!

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் முகமெல்லாம் சிரிப்பாக என்னிடம் வந்தார்.

"பார்த்தீங்களாக்கா, இன்னைக்குத்தான் சபையே பாடுச்சு! நீங்க மட்டும் ஏன் பாடலை? தொண்டை சரியில்லையா?"