ஏழாவது இன்னிங்ஸில் கட்டிப்பிடித்தார்கள்

பஃபலோவில் கோடை என்றால் ஏரிக்காற்றும் பேஸ்பாலும்தான். வேலையை விட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இருந்தாலும் பக்கத்து வீட்டு ரேடியோவில் ஆட்ட வர்ணனை கேட்டால் போதும், மனசு மைதானத்தின் மேல்மாடி அறைக்கு ஓடிப்போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே எப்போதும் ஒரே ஒரு ஜூலை மாதம்தான் நடந்துகொண்டிருக்கும்.

எங்கள் ஹார்பர்மென் அணிக்கு ஆள் எடுப்பதும், இருக்கிற ஆளை வேறு அணிக்குக் கைமாற்றுவதும் அப்போது என் பொறுப்பு. ஜெனரல் மானேஜர் என்று பெயர். ஊரார் திட்டுவதற்கு ஒரு முகம் வேண்டுமே, அது நான்.

தோற்பதையே தொழிலாக வைத்திருந்த அணி அந்த வருஷம் முதலிடத்தில் நின்றது. அக்டோபரில் கோப்பைக்கான ஆட்டங்கள். ஊரே கனவு கண்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, எங்கள் முதல் பிட்சருக்கு முழங்கைத் தசைநார் அறுந்தது. பேஸ்பாலில் பந்து எறிகிறவன் சரியில்லையென்றால் மற்ற எட்டுப் பேரும் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

அரிசோனா அணியிடம் எமெரி சட்டன் என்று ஓர் இடக்கை பிட்சர் இருந்தான். கேட்டால் தருவார்கள். தடை வேறு இடத்தில் இருந்தது. லீக் ஒரு கோடு போட்டிருந்தது. ஓர் அணியின் மொத்தச் சம்பளம் அந்தக் கோட்டைத் தாண்டினால் ஆடம்பர வரி கட்ட வேண்டும். நாங்கள் ஏற்கனவே அதில் மூக்கை உரசிக்கொண்டு நின்றோம். முதலாளியம்மா மிஸஸ் விட்காமிடம் கெஞ்சிப் பார்த்தேன்.

“கோட்டத் தாண்டுனா சட்டன் உள்ள வருவான், ஜெர்ரி. நீ வெளிய போவ. எது வேணும்னு நீயே சொல்லு” என்றார்.

ஆக, சட்டன் உள்ளே வர வேண்டுமானால் பெரிய சம்பளக்காரன் ஒருவன் வெளியே போக வேண்டும். அணியில் அப்படி இருந்தவன் ஒருவன்தான். லயனல் ஹாஸ்கின்ஸ்.

ஹாஸ்கின்ஸ் எங்கள் முதல் பேஸ்காரன், பந்தை அடித்தவன் முதலில் ஓடித் தொடுகிற மூலையைக் காக்கிறவன். அதற்கும் முன்னால், சின்ன லீகில் நாங்கள் இரண்டு பேரும் வாலிபர்களாக இருந்தபோது, என் அறைத்தோழன். அயோவாவின் சோளக்காடுகளுக்கு நடுவே இரவெல்லாம் பஸ்ஸில் போவோம். அவன் ஜன்னல் கண்ணாடியில் தலை சாய்த்துப் பாடுவான், பின்சீட்டிலிருந்து யாராவது ஷூவை எறிவார்கள். மூன்று வேளையும் ரொட்டியும் வேர்க்கடலை வெண்ணெயும்தான். அந்த நாட்களில் இருந்த சந்தோஷம் பிறகு எந்த ஹோட்டல் மெத்தையிலும் எனக்குக் கிடைக்கவில்லை. என் முட்டி போனது, நான் கோட்டு மாட்டிக்கொண்டு ஆபீஸ் வேலைக்குப் போனேன். அவன் பெரிய லீகுக்கு ஏறினான், ஏறிய நாளிலிருந்து இந்த அணியை விட்டு நகரவே இல்லை.

அப்படிப்பட்டவனை நினைத்தவுடன் அனுப்பிவிடவும் முடியாது. பெரிய லீகில் பத்து வருஷம் ஆடி, அதில் கடைசி ஐந்தை ஒரே அணியில் கழித்தவனை, அவன் சம்மதம் இல்லாமல் கைமாற்றக் கூடாது என்பது விதி. போய்க் கேட்டாக வேண்டும்.

மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனேன். ஏரி, வெயில், அவன் மகளின் பியானோ வகுப்பு என்று ஊரையே சுற்றி வந்தேன்.

“டேய், நீ பில்லு கட்டுறேன்னாலே அதுல ஏதோ வில்லங்கம் இருக்கு. விஷயத்துக்கு வா” என்றான் ஹாஸ்கின்ஸ்.

“அரிசோனாவுல...”

“மாட்டேன்.”

“முழுசா கேளுடா.”

“என்னத்தக் கேக்குறது? ஆளே இல்லாத ஸ்டேடியத்துல ஆடுனவன்டா நான். காலி நாற்காலிக்கெல்லாம் கை காட்டிருக்கேன். எத்தன வருஷம் தோத்தோம்! இப்பதான் ஜெயிக்கிறோம். சமைச்சவன சாப்புடுற நேரத்துல எந்திரிச்சுப் போங்குற, நல்லா இருக்கா?”

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டுவது என்பார்கள். இங்கே விரட்டுகிறவன் நான்.

“கையெழுத்து போட மாட்டேன். மூஞ்சிய அப்படி வெச்சுக்காத. இந்தா, என் ஊறுகாயையும் நீயே தின்னு” என்று தட்டை என் பக்கம் தள்ளினான்.

உண்மையைச் சொன்னால், அன்று எனக்கு உள்ளூர சந்தோஷம்தான். கேட்டாயிற்று, மறுத்துவிட்டான், இனி என் மேல் பழி இல்லை. ஆனால் அரிசோனாவுக்கு ‘வேண்டாம்’ என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. சேதி வேறு எப்படியோ கசிந்துவிட்டது. ரேடியோக்காரர்கள் காலை முதல் தங்கள் பேச்சிலேயே அவனை அரிசோனாவுக்குப் பெட்டி கட்ட வைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஜூலைக் கடைசியோடு ஆள் கைமாற்றும் கெடு முடியும். அதற்கு முதல் நாள், பகல் ஆட்டம். அந்த வாரத்தில் எங்கள் உலகில் ஒரு வழக்கம் உண்டு. நன்றாக ஆடிக்கொண்டிருப்பவனைப் பாதி ஆட்டத்தில் வெளியே இழுத்தால், அவன் விலைபோய்விட்டான் என்று அர்த்தம். யாரும் அறிவிக்க மாட்டார்கள். வீரர்கள் உட்காரும் டக்அவுட்டில் ஒருவன் எழுந்து அவனைக் கட்டிப்பிடிப்பான், பிறகு எல்லாரும் பிடிப்பார்கள், அதைப் பார்த்து ஸ்டேடியம் எழுந்து நிற்கும்.

ஏழாவது இன்னிங்ஸில் ஹாஸ்கின்ஸ் பந்தை அடித்துவிட்டு முதல் பேஸுக்கு ஓடினான். வந்து சேர்ந்தபோது லேசாக நொண்டினான், யாருக்கும் தெரியாமல் மறைக்கப் பார்த்தான். களத்தில் அணியை நடத்துகிற வின்ஸ் கராபெல்லாவின் கண்ணுக்குத் தப்பவில்லை. அவர் பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். அவனுக்குப் பதில் வேறொருவனை ஓட அனுப்பிவிட்டு, உள்ளே வந்தவனின் தோளைத் தட்டி பெஞ்சைக் காட்டினார், அவ்வளவுதான்.

சின்ன வயசுப் பிட்சர் ஒருவன் சட்டென்று எழுந்தான். ஹாஸ்கின்ஸின் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

மேலே கண்ணாடிக்குப் பின்னால் நான் “இல்லடா, இல்ல!” என்று கத்தினேன். யார் காதில் விழும்? ஒவ்வொருவனாக வந்து கட்டிப்பிடித்தான். ஸ்டேடியம் எழுந்தது. அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள், கிழவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். டக்அவுட்டுக்குப் போன் போட்டேன்.

“நான் என்னய்யா பண்ண?” என்றார் கராபெல்லா. “தொடை புடிச்சிருக்கு, உக்கார வெச்சேன். இவனுங்க எழவு வீடு மாதிரி அழுவுறானுங்க!”

“சொல்லித் தொலைங்க அவங்ககிட்ட!”

“வாயத் தொறந்தா எவன் கேக்குறான்?”

கொஞ்ச நேரத்தில் ஹாஸ்கின்ஸ் மேலே வந்தான். சீருடையோடு, தொடையில் ஐஸ் கட்டு. திட்டப்போகிறான் என்று நினைத்து முந்திக்கொண்டேன்.

“தப்பா நெனச்சுட்டாங்கடா. நாளைக்கு இதச் சொல்லி எல்லாரும் சிரிப்பாங்க.”

அவன் உட்கார்ந்து காலை நீட்டினான்.

“ஒருத்தன்கூட ‘போகாத’ன்னு சொல்லல, ஜெர்ரி.”

ஐஸ் கட்டை அழுத்திக்கொண்டே அவனே தொடர்ந்தான்.

“அழுதானுங்க. நெசமாத்தான் அழுதானுங்க. தேங்க்ஸ் தேங்க்ஸுங்குறானுங்க. ஆனா ஒருத்தன் மூஞ்சிலயும் ஆச்சரியம் இல்ல. மனசுக்குள்ள என்னை எப்பவோ அனுப்பிட்டானுங்கடா. அந்தச் சின்னவன் காதுல சொல்றான், ‘சட்டன் வந்தா ஜெயிச்சுருவோம் சார், உங்க பேரத்தான் சொல்லுவோம்’னு. நல்ல பையன்.”

“நீ இரு. நான் வேற வழி பாக்குறேன்.”

“வேற வழி இருக்கா?”

இல்லை. கராபெல்லாவுக்கும் தெரியும், முதலாளியம்மாவுக்கும் தெரியும்.

“சுத்தி வளைக்காம சொல்லு. சட்டன் வேணுமா, வேணாமா?”

அவன் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல என்னால் முடியவில்லை.

“வேணும்” என்றேன். சொன்னதும் அழுதேவிட்டேன்.

“சீ, நீயுமாடா? அரிசோனாவுக்குப் போனப் போடு, போ.”

சட்டன் வந்தான். அக்டோபரில் கோப்பையும் வந்தது. அந்தக் கோப்பையைத் தூக்கிய நாள்கூட எனக்கு இப்போது மங்கல்தான். மங்காமல் இருப்பது இது ஒன்று: அந்த ஜூலைப் பகலில் நான் போட்ட போன் அரிசோனாவில் மணி அடித்துக்கொண்டிருந்தது. ஹாஸ்கின்ஸ் நொண்டிக்கொண்டே கண்ணாடி ஓரம் போய் நின்றான். கீழே எங்கள் பையன்கள் கடைசி அவுட்டையும் எடுத்து, புல்லில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து குதித்துக்கொண்டிருந்தார்கள். அவன் மெதுவாகக் கை தட்டினான்.

“நல்லாத்தான் ஆடுறானுங்கல்ல?” என்றான்.

தான் இல்லாத எங்கள் அணியை மேலிருந்து அவன் பார்த்தது அதுதான் முதல் தடவை.