வெளியூர் போன அப்பா

"யாருடா என் அப்பாவை வெளியூருக்கு அனுப்பினது?"

காலைக் காபியோடு உட்கார்ந்திருந்த மகனுக்குப் புரையேறியது. அவர் பள்ளித் தலைமை ஆசிரியர். எண்ணூறு பிள்ளைகளை ஒரே பார்வையில் அடக்குகிறவர். அப்பா குரல் உயர்ந்தால் மட்டும் இன்னும் மூன்றாம் வகுப்புதான்.

புரூஃப் தாத்தா என்று எல்லோரும் கூப்பிடும் அந்த அப்பாவுக்கு எண்பது வயது நிறைகிறது. அதற்காகக் குடும்ப மலர் ஒன்று அச்சாகிறது. சின்ன வயது ஞாபகங்களை எழுதித் தரச் சொல்லி மூன்று மாதம் நச்சரித்ததே மகன்தான். தாத்தாவும் எழுதிக் கொடுத்தார். 'எனக்கு ஏழு வயதில் அப்பா ஜெயிலுக்குப் போனார்' என்பது முதல் வரி. அச்சகத்திலிருந்து வந்த தாளிலோ, 'அப்பா வேலை நிமித்தம் வெளியூர் சென்றார்' என்று இருந்தது. அச்சகத்தில் நாற்பது வருஷம் புரூஃப் பார்த்து, பிழை திருத்திய கண்ணில் மண்ணைத் தூவ முடியுமா?

"சம்பந்தி வீட்டுக்கெல்லாம் புத்தகம் போகும்பா..."

"போகட்டும். அவங்களுக்குப் படிக்கத் தெரியும்ல?"

அந்தக் குடும்பத்தில் 'வெளியூர்' சாதாரண வார்த்தை இல்லை. தாத்தாவின் அம்மா பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த பொய் அது. வாத்தியார் கேட்டாலும் வெளியூர், பால்காரர் கேட்டாலும் வெளியூர். அது எந்த அளவுக்கு ஊறிப்போயிருந்தது என்றால், கல்யாணமான புதிதில் மருமகள், "எங்கப்பா வெளியூர் போயிருக்கார் மாமா" என்றபோது, "அடப்பாவமே, எத்தனை வருஷம்மா?" என்று தாத்தா கேட்டுவிட்டார். "நாலே நாள்தான் மாமா" என்று அந்தப் பெண் திருதிருவென்று விழித்தாள்.

மகன் இறங்கி வந்தார். "சரிப்பா, ஜெயில்னே இருக்கட்டும். தொழிலாளர் போராட்டத்துல போனார்னு ஒரு வார்த்தை சேர்த்துப்போம். கௌரவமா இருக்கும்."

"கம்பெனி செம்புக் கம்பியை இடுப்புல சுத்திக்கிட்டு வெளிய வந்தவர்டா அவர். அதுல என்ன போராட்டம்? கேட்டுல பிடிச்சப்ப திமிறினாரே, அதுவா?"

இனி அத்தைதான் கதி. தாத்தாவுக்கு இரண்டு வயது மூத்த அக்கா அவர். குடும்ப மானத்துக்கு வாயிற்காவல் என்று பெயரெடுத்தவர். மகன் நம்பிக்கையோடு போனைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

"முதல்ல அவன் எழுதினதைப் படி" என்றார் அத்தை.

தாத்தாவின் கையெழுத்துப் பிரதியை மகன் படித்தார். கடைசி வரிகள் இப்படி இருந்தன.

'நாலு வருஷம் கழித்து ஒரு நாள் அப்பா பள்ளிக்கூட வாசலில் நின்றார். பாதி உடம்பாகியிருந்தார். யாருடா அது என்று கூட்டாளி கேட்டான். எங்க மாமா என்றேன். அப்பா காதில் விழுந்தது. அவரும் தலையாட்டினார்.'

போனில் அத்தை ஒரே போடாகப் போட்டார்.

"தப்பா எழுதியிருக்கான்."

மகனின் முகம் மலர்ந்தது. "அதைத்தான் அத்தை நானும் தலையால அடிச்சுக்கறேன்!"

"நீ சும்மா இரு. நாலு வருஷம் இல்ல, அஞ்சு. மாமான்னு சொன்னது நான். அவன் என் முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டான்."

தாத்தா நாற்காலியை விட்டு எழுந்தார். "இல்லக்கா. நான்தான் சொன்னேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"எழுபது வருஷமா எனக்கும்தான்டா நல்லா ஞாபகம் இருக்கு."

அக்காவும் தம்பியும் இதைப் பற்றி ஒரு நாள்கூடப் பேசிக்கொண்டதில்லை என்பது மகனுக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு பேரும் தனித்தனியாகச் சுமந்திருக்கிறார்கள்.

"அப்ப ரெண்டு பேரும்தான் சொல்லியிருப்போம்" என்றார் தாத்தா.

"அப்படித்தான் இருக்கும். திருடினவரைப் பார்த்து நாம வெட்கப்பட்டது போதும்டா. இனிமே நம்மளைப் பார்த்து எவன் வேணா வெட்கப்படட்டும். டேய் ஹெட்மாஸ்டர், சம்பந்தி வீட்டுக்கு ரெண்டு புத்தகமா அனுப்பு."

தாத்தா தாளை மகன் பக்கம் தள்ளினார்.

"வெளியூரை அடி. நாலை அஞ்சாக்கு. 'என்றேன்' இருக்குல்ல? அதை 'என்றோம்'னு மாத்து."