ஏலக்காய்த் தராசில் அத்தை

காலை ஐந்தரைக்கு லிங்கேஸ்வரன் எழுவான். பால் காய்ச்சுவான். மாமியார் மருதாயியின் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, சர்க்கரை அளவைக் காலண்டரில் எழுதுவான். பிறகு அவள் வயிற்றில் இன்சுலின் ஊசி. மனைவி அனுசியா இறந்த இந்த இரண்டு வருஷத்தில் ஒரு நாளும் இது தவறியதில்லை.

மருதாயிக்கு மதுரையில் எடைக் குறைப்பு ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. நேற்றுப் பரிசோதித்த டாக்டர், இனி ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இன்றும் அவள் வயிற்றைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"போடுங்க மாப்ளே."

"வேணாம்னுட்டாரே அத்தை."

"ஒடம்பு அப்படியேதான இருக்கு? சர்க்கரை மட்டும் எங்க போச்சாம்? மொதல்ல எடையப் பாப்போம்."

அவன் வேலை பார்ப்பது போடியில் யூனுஸின் ஏலக்காய்க் கடையில். அங்கே மூட்டை நிறுக்கும் தராசில் மருதாயி ஏறி நின்றாள். ஆபரேஷனுக்கு முன் நூற்றுப் பதினொரு கிலோ இருந்தவள், இப்போது நூற்று ஏழு.

"சாக்கு எடையக் கழிக்கணுமா ஆத்தா?" என்றார் யூனுஸ்.

"சேலையக் கழிச்சாலும் நூத்தி ஆறுக்குக் கொறையாது. பச்சக்காய் அஞ்சு கிலோவ ஒலத்துனா ஒரு கிலோதான் வரும். எடையே கொறையாம காய் காஞ்சுருச்சுன்னா நீங்க வாங்குவீங்களா பாய்?"

"சத்தியமா வாங்க மாட்டேன்."

டாக்டர் சொன்னதை லிங்கேஸ்வரன் சுருக்கமாகச் சொன்னான். "கொடல மாத்தி இணைச்சதுல பித்தநீர் கீழ்க்கொடலுக்கு வேற மாதிரி போகுதாம். அது சர்க்கரையக் கட்டுப்படுத்துறதத் தூண்டுதாம். எடை மெதுவாத்தான் கொறையுமாம். சர்க்கரை முந்திக்கிருமாம்."

"பித்தம் ஏறுனா தலைதான் சுத்தும். இத யாரு கேள்விப்பட்டா?"

"தம்பி, அப்படியே என் பித்தத்தையும் கொஞ்சம் திருப்பி விடச் சொல்லுங்க" என்றார் யூனுஸ், தொப்பையைத் தடவிக்கொண்டு.

மறுநாள் காலை ஊசி போடாமலே அளவு தொண்ணூற்றெட்டு. மருதாயி கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை பார்த்தாள். உள்ளே போய்ப் பையோடு வந்தாள்.

"எங்க அத்தை?"

"சிலமலைக்கு. மகன் வீட்டுக்கு."

"எதுக்கு?"

"ஊசி இருந்துச்சு, இருந்தேன். 'அம்மாவக் கைவிட்டுராதீங்க'ன்னு சாகும்போது எம்மக ஒங்ககிட்ட வாக்கு வாங்கிட்டுப் போனா. அதுக்காக ஒங்களக் கட்டிப் போடலாமா? சின்ன வயசு. வெரசா வேற பொண்ணப் பாருங்க."

தெரு முழுக்க அவள் சொல்லிவைத்திருக்கும் கதை அது. அவன் ஒரு நாளும் மறுத்ததில்லை. காலண்டரைப் பார்த்தான். நாளைக்கான கட்டம் காலியாக இருந்தது.

"அவ அப்படிச் சொல்லல அத்தை."

"என்னது?"

"யாரும் எங்கிட்ட வாக்கு வாங்கல. நானாத்தான் ஊசி போட்டேன். நானாத்தான் இருங்கன்னும் சொல்றேன்."

மருதாயி பையைக் கீழே வைத்தாள்.

"அப்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறப்ப ஜீப்புல என்னதான் சொன்னா?"

அன்று குரங்கணி ரோட்டில் ஜீப் இறங்கிக்கொண்டிருந்தது. அனுசியாவின் தலை அவன் மடியில். அவன் காதைத் தன் வாய்ப் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, தெளிவாகத்தான் சொன்னாள்.

"அரிசி டிரம்முக்குள்ள அம்மா அதிரசம் ஒளிச்சு வச்சிருக்கு. எடுத்துருங்க."