கொசுறு

ஞாயிற்றுக்கிழமை காலையில்கூட ஓடுகிற அண்ணியின் தையல் மெஷின் அன்று ஓடவில்லை. எழுத்தாளர் பாதி மாடிப்படியில் நின்று, அப்படியே இறங்கிப் போய்விடலாமா என்று யோசித்தார். கால்கள் தயாராகத்தான் இருந்தன. அதற்குள் மேலேயிருந்து அண்ணியின் குரல் வந்தது.

“ஏறுனது ஏறிட்ட. மிச்சத்தையும் ஏறு, தம்பி.”

பகலெல்லாம் அவருக்குப் பொத்தான் கடை. எழுத்தெல்லாம் கடை சாத்தின பிறகுதான். தவழ்ந்த வயதிலிருந்தே பேரம் பேசும் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்தவர். விலை படிந்து, பொட்டலமும் கட்டியான பிறகு, கேட்காமலே இரண்டு பொத்தானைக் கொசுறாகப் போட்டால் வாங்குகிறவர் முகம் எப்படி மலரும் என்று அவருக்குத் தெரியும். நேற்று வாசகர் கூட்டத்தில் அவரை மாட்டிவைத்தது அந்தக் கைப்பழக்கம்தான்.

மூன்று பாக நாவல் அது. முதல் பாகத்தில் மூத்தவன் என்று ஒருவன், பிய்ந்த செருப்பைத் தைத்து வாங்கி வருகிறேன் என்று கிளம்பிப் போகிறான். திரும்பி வருவதில்லை. மூன்றாம் பாகத்தின் கடைசி வரியிலும் அவன் வீட்டு வாசற்கதவு தாழ் போடாமல்தான் இருக்கிறது. நேற்று கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, “மூத்தவன் என்ன சார் ஆனான்? உங்களுக்காவது தெரியுமா?” என்று கேட்டாள்.

தெரியாது என்பதுதான் பதில். ஆனால் அரங்கமே கையை நீட்டிக்கொண்டு நிற்பதுபோல அவருக்குப் பட்டது. வந்தவரை வெறுங்கையோடு அனுப்பி அவருக்குப் பழக்கமில்லை. “வீட்டை விட்டுப் போன அந்த வருஷமே அவன் செத்துட்டாம்மா. முதல் பாகம் எழுதும்போதே எனக்குத் தெரியும்” என்றார். அதற்கு எழுந்த கைதட்டல் வீட்டுக்கு வரும்வரை காதில் இனித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பேச்சை யாரோ படம்பிடித்துச் சொந்தக்காரர்கள் குழுவில் போட்டிருந்ததைப் பார்த்ததும்தான் அண்ணியும் அந்தக் குழுவில் இருக்கிறாள் என்பது உறைத்தது.

அவருடைய சொந்த அண்ணன் கிளம்பிப் போனது கைக்கடிகாரத்துக்கு வார் மாற்ற. அவரும் இன்னும் திரும்பவில்லை. நாவலில் கடிகாரத்தைச் செருப்பாக மாற்றியதோடு தன் பொறுப்பு தீர்ந்தது என்று எழுத்தாளர் நினைத்திருந்தார். முதல் பாகத்தைப் படித்துவிட்டு அண்ணி, “செருப்பு நல்லாருக்கு, தம்பி” என்று மட்டும் சொன்னாள்.

அறைக்குள் கதவோரத்து ஆணி காலியாக இருந்தது. அண்ணனின் நீலச் சட்டை எப்போதும் தொங்கும் ஆணி. வருஷத்துக்கு ஒரு தடவை அண்ணி அதை எடுத்து இரு பக்கத்தையும் பிரித்து, கொஞ்சம் துணி கொடுத்துத் தளர்த்தித் தைப்பாள். ஆம்பிளைக்கு வயசானால் வயிறுதானே முதலில் வரும் என்பாள். அதற்கு நூல் எழுத்தாளர் கடையிலிருந்துதான் போகும். இன்று சட்டை அவள் மடியில் கிடந்தது. பிளேடால் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, அது சும்மா சொன்னது.”

“எது?”

“நேத்து. மூத்தவன் விஷயம். கதைதானே.”

“கதைய மூணு பாகமா வித்தியே, அதுக்குள்ள சொல்லியிருந்தா கதை. எல்லாம் முடிஞ்சு புக்க மூடின பிறகு தனியா ஒருத்தன் வந்து சொன்னா, அதுக்குப் பேரு சேதி.” அவள் தலை நிமிரவில்லை. “உண்மையச் சொல்லு. உனக்கு ஏதாவது தகவல் வந்துச்சா? என்கிட்ட மறைக்கிறியா?”

“சத்தியமா இல்ல அண்ணி. எனக்கு ஒண்ணும் தெரியாது.”

“அப்போ உயிரோட இருக்காரா?”

அவர் வாயைத் திறந்தார். எதையும் யாருக்கும் விற்றுவிடக்கூடிய வாய் அது. அதை மூடிக்கொண்டு காலி ஆணியைப் பார்த்தார்.

“செத்துட்டான்னு சொல்ல மட்டும் தெரிஞ்சுது,” என்றாள் அண்ணி. குரலில் கோபமில்லை, இருந்திருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

“அடுத்த கூட்டத்துல மாத்திச் சொல்லிடறேன். தப்பாச் சொல்லிட்டேன், எனக்கே தெரியாதுன்னு.”

“சொல்லு. அதுக்கும் கை தட்டுவாங்க.”

கடைசித் தையலும் விட்டது. வருஷா வருஷம் பக்கவாட்டில் சேர்த்த துணிப் பட்டிகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. எல்லாம் நீலம்தான். அந்தந்த வருஷம் கிடைத்த நீலம். ஒன்றுக்கொன்று கொஞ்சம் மாறியிருந்தது. அவள் எழுந்து கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்தாள்.

“துணி நல்ல துணி. வீணா எதுக்கு ஆணியில தொங்கணும்? நீதான் ஒல்லியாச்சே, பிடிச்சுத் தச்சுடலாம். கையத் தூக்கு.”

“அண்ணி, வேணாம்.”

“தூக்கு, தம்பி.”

அவர் இரண்டு கையையும் தூக்கினார். நாடா மார்பைச் சுற்றி வந்து பிடித்தது. அளவு சரியாக வரவில்லை. மூச்சை விடு, மூச்சை விடு என்று அண்ணி சொல்லிக்கொண்டே இருந்தாள். காலடியில் கிடந்த நீலப் பட்டிகளை மிதித்துவிடாமல் இருக்க, தூக்கிய கையோடு அவர் நுனிக்காலில் நின்றுகொண்டிருந்தார்.