கழுதைப் பாறையில் குதித்தவள்

ஆகஸ்டு பிறந்ததும் டூரின் நகரத்துக் கார்த் தொழிற்சாலைக்கு விடுமுறை விடுவார்கள். அன்றைக்கே ஓர்னெல்லாவின் அப்பா குடும்பத்தை ரயிலேற்றி மொர்தெல்லா என்ற கடற்கரை ஊருக்குக் கிளம்பிவிடுவார். மலையைக் குடைந்து போகிற பாதை அது. ஒரு குகை முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் கண்ணில் படும் ஒரு கீற்றுக் கடலுக்காக அவளும் தம்பியும் ஜன்னலில் முட்டி மோதிக்கொள்வார்கள்.

பிறகு கல்யாணம், பிள்ளைகள், வேறு வேறு ஊர்கள். இந்தப் பக்கம் வருவதே நின்றுபோயிற்று. அறுபதைத் தாண்டி, வேலையிலிருந்தும் ஓய்வு பெற்று டூரினுக்கே திரும்பிய பிறகு, ஒரு செப்டம்பர் தொடக்கத்தில் ஓர்னெல்லா தனியாக அதே ரயிலில் வந்து இறங்கினாள்.

நீவெஸ் பிளாட்பாரத்தில் காத்திருந்தாள். கடற்கரையில் குடையும் சாய்வு நாற்காலியும் வாடகைக்கு விடும் குடும்பத்துப் பெண்; இப்போது அவள்தான் முதலாளி. ஓர்னெல்லாவின் கோடைக்காலத் தோழி.

"என்னடி, டூரின்ல வெயிலே அடிக்கிறதில்லையா? மாவுல புரட்டின நெத்திலி மாதிரி வந்து நிக்கிறே!"

"நீ மட்டும் என்னவாம்? எண்ணெயில பொரிச்சு எடுத்த நெத்திலி!"

கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நீவெஸ் மேல் அதே உப்பு வாசனை.

ஊர் பெரிதாக மாறவில்லை. காவியும் மஞ்சளும் பூசிய உயரமான வீடுகள், அவற்றின் சுவர்களில் நிஜ ஜன்னல்களுக்கு நடுவே வர்ணத்தால் வரைந்த பொய் ஜன்னல்கள். தேவாலயத்துக்கு எதிர்வீட்டுப் பொய் ஜன்னலில் ஒரு பூனை உட்கார்ந்திருக்கும். அது எப்போதாவது வாலை ஆட்டும் என்று சின்ன வயதில் ஓர்னெல்லா அண்ணாந்து பார்த்தபடி நின்றதுண்டு. இப்போதும் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

சாயங்காலம் நீவெஸ் அவளைத் தேவாலயத்தை ஒட்டிய கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஒதோனே என்று ஒரு பள்ளி ஆசிரியர் அந்தக் காலத்தில் வைக்கோல் தொப்பியோடு கடற்கரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டே இருப்பார். அவர் இறந்த பிறகு அவருடைய உறவுப்பெண் அந்த ஓவியங்களை ஊருக்கே கொடுத்துவிட்டாள். சுவர் நிறைய வலைகளும் படகுகளும். மூலையில் ஒரு சின்னப் படம்: கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கழுதைப் பாறையிலிருந்து சிவப்பு நீச்சலுடையில் ஒரு பெண் குதிக்கிறாள். உச்சியில் இன்னொருத்தி நிற்கிறாள். முகங்கள் வெறும் பொட்டுகள்.

ஓர்னெல்லா படத்தை ஒட்டிப் போய் நின்றாள். "நான்தான்டி இது! அந்தச் சிவப்பு நீச்சலுடை எங்கம்மா தச்சது."

"உங்கம்மா தச்சதுதான். ஆனா அந்த வருஷம் பாதி நாள் அது என் உடம்புலதானே இருந்துச்சு? குதிச்சது நான். நீ வந்த வழியே இறங்கிட்டே."

"போடி! என் பேரப்பிள்ளைங்களுக்கு எத்தனை தடவை இந்தக் கதையைச் சொல்லியிருக்கேன் தெரியுமா?"

"கதைன்னு நீயே சொல்லிட்டியே!"

வெங்காயம் வைத்த பொக்காச்சா ரொட்டியைக் கிழித்துத் தின்றபடி நீவெஸ் வீட்டுக்குத் திரும்பும்வரை சண்டை ஓயவில்லை. விளையாட்டாகத் தொடங்கியதுதான். ஆனால் படுக்கையில் விழுந்த ஓர்னெல்லாவுக்கு உள்ளே எங்கோ வலித்தது. கால் தரையை விட்டதும், தண்ணீர் அறைந்ததும் அவளுக்கு நினைவிருந்தன. பிரசவ வார்டுக்குப் போகும்போதும், கணவனை அடக்கம் செய்த அன்றும், 'கழுதைப் பாறையில் குதித்தவள் நான்' என்று தனக்குள் சொல்லிக்கொண்டவள் அவள்.

காலையில் இருவரும் மலைப்பாதையில் நடந்தார்கள். பைன் மரங்களில் சில்வண்டுகள் இரைந்தன. வெயில் ஏற ஏறக் காற்றில் பிசின் வாசனை கனத்தது. நீவெஸ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அடிக்கடி நின்றாள். கடலைப் பார்க்கத்தான் நிற்பதாகச் சொல்லிக்கொண்டாள்.

பாறை நினைவில் இருந்ததைவிடச் சின்னதாக இருந்தது. ஆனாலும் விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தபோது ஓர்னெல்லாவுக்குக் கால் கூசியது.

"பார்த்துக்கோ," என்று செருப்பையும், நீச்சலுடைக்கு மேல் போட்டிருந்த கவுனையும் கழற்றிப் போட்டாள் நீவெஸ். ஓர்னெல்லா தடுப்பதற்குள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குதித்துவிட்டாள். கீழே நுரைக்கு நடுவிலிருந்து நரைத்த தலை மேலே வந்தது. "வாடி டூரின்காரி! தண்ணி வெதுவெதுன்னு இருக்கு!"

ஓர்னெல்லா விளிம்புவரை வந்தாள். முடியவில்லை. தானும் மேலுடையைக் கழற்றி, இருவரின் உடைகளையும் செருப்புகளையும் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, பாறையின் பின்பக்கமாக இறங்கத் தொடங்கினாள். வழுக்குமே என்று பயந்தாள். ஆனால் வலது கால் தானாகவே ஒரு பிளவைத் தேடிப் பிடித்தது. இடது கை ஒரு புடைப்பைப் பற்றியது. அதற்கடுத்து எங்கே மிதிக்க வேண்டும் என்று அவள் யோசிக்கவே இல்லை, கால் போய்க்கொண்டிருந்தது. பாதி வழியில் அவளுக்குப் புரிந்துவிட்டது. இந்த வழி அவளுக்கு ஏற்கெனவே தெரியும். அப்போதும் இப்படித்தான் இறங்கியிருக்கிறாள்.

பாறையில் கன்னத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம் சிரிப்பும் வந்தது.

கீழே இறங்கி, மூட்டையைக் கரையில் வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் நடந்து நீவெஸ் பக்கத்தில் போய் நின்றாள். "நான் குதிக்கலைடி. நீ சொன்னதுதான் சரி."

தான் ஜெயித்ததற்கு நீவெஸ் குதூகலிப்பாள் என்று நினைத்தாள். நீவெஸோ அவளை வியப்போடு பார்த்தாள்.

"இதுக்கா அழுதே? அன்னிக்கு நான் ஏன் குதிச்சேன்னு உனக்குத் தெரியாதா? அப்ப இந்த மலைப்பாதை ஏது? பின்பக்கமா மேலே ஏறிட்டேன், இறங்கப் பயம். பின்பக்கத்தை எட்டிப் பார்த்தாலே தலை சுத்திச்சு. குதிக்கிறதைத் தவிர வேற வழியில்ல. நீ என்னடான்னா என் துணிமணியையும் சுமந்துக்கிட்டு பல்லி மாதிரி இறங்கி வர்றே. எனக்கு எவ்வளவு பொறாமையா இருந்துச்சு தெரியுமா! இப்பவும் என்னால அதுல இறங்க முடியாது."

"இதை ஏன் அப்பவே சொல்லலை?"

"குதிச்சவளைப் பார்த்து ஊரே கைதட்டுச்சு. நான் ஏன் சொல்லணும்?"

ஓர்னெல்லா அவள் முகத்தில் தண்ணீரை வாரி அடித்தாள். அவள் திருப்பி அடித்தாள். பசி எடுக்கும்வரை இருவரும் மல்லாந்து மிதந்தார்கள். தலைக்கு மேல் வானம் வெளுத்துக் கிடந்தது. காதுக்குள் கூழாங்கற்கள் உருளும் சத்தம்.

வார இறுதியில் ஊர் திரும்புவதாகத்தான் சொல்லிவிட்டு வந்திருந்தாள். திரும்பவில்லை. மகள் போனில் கேட்டபோது, "நீவெஸுக்கு முழங்கால் வலி, ஒத்தாசைக்கு இருக்கேன்," என்றாள். மாதக் கடைசியில் காற்று குளிர்ந்து கடற்கரை வெறிச்சோடியபோது, இருவரும் சேர்ந்துதான் குடைகளை மடக்கினார்கள். கோடு போட்ட துணியிலிருந்து மணலை உதறும்போது, "அடுத்த வருஷம் ஆகஸ்டுலேயே வந்துடு. கூட்டம் தாங்காது, கூலி கிடையாது, திட்டு மட்டும்தான்," என்றாள் நீவெஸ்.

"சோறு?"

"நெத்திலி."

"சரி," என்றாள் ஓர்னெல்லா, துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு.