பழைய குழல்

“ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று மார்லிஸ் எண்ணி முடித்ததும் டுவேன் தன் அண்ணன் ஆரினின் தோள்களுக்கடியில் கைகொடுத்துத் தூக்கினான். அவள் நனைந்த விரிப்பை உருவி எறிந்துவிட்டுப் புதியதைச் செருகினாள். முப்பது வருடம் பால் லாரி ஓட்டிய உடம்பு அது. போன கோடையில்கூட ஆரினை யாரும் இப்படித் தூக்கியிருக்க முடியாது. அந்தப் பழைய கனத்தை நினைத்து டுவேன் வேண்டியதற்கு மேல் பலம் கொடுத்துவிட்டான். அண்ணனின் தலை கட்டில் கம்பியில் இடித்தது.

“பாத்து!” என்றாள் மார்லிஸ்.

“இடிச்சது எனக்கு. நீ ஏன் கத்துற?” என்றான் ஆரின், கண்ணைத் திறக்காமலே.

இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். இரண்டு நாளாக அந்த வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. மார்லிஸ் கணவனின் முகத்தைப் பார்த்தாள், பிறகு கொழுந்தனின் முகத்தைப் பார்த்தாள், பிறகு நனைந்த விரிப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அழாமல் போய்விட்டாள்.

எட்டு மணிக்கு வரும் நர்ஸ் பெக்கி மூச்சைக் கேட்டாள், பாதங்களைத் தொட்டுப் பார்த்தாள். போகும்போது பக்கவாட்டுக் கதவருகே பனிக்காலணியை மாட்டிக்கொண்டே சொன்னாள்: “சில பேருக்கு இப்படி ஒரு காலை வரும். வந்தா வச்சுக்குங்க. மத்தியானத்த நம்பாதீங்க.”

பெக்கி முப்பது சாவு பார்த்தவள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

“டேய் பொடியா” என்று முன்னறையிலிருந்து குரல் வந்தது. பொடியன் டுவேனுக்கு வயது அறுபத்தொன்று. “பேரல மாட்டிட்டியா? சுட்டுப் பாத்தியா?”

மாட்டுவதற்குக் குழல் வந்தால்தானே! இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஒரு பட்டறைக்காரரிடம் ஆகஸ்டில் சொல்லிவைத்த துப்பாக்கிக் குழல் அது. நல்ல குழல் செய்கிறவர்களுக்கு அவசரம் கிடையாது. ஏழு மாதம் ஆகும் என்றார் அவர். மார்ச்சில் வரும். இப்போது பிப்ரவரி. ஜனவரியில் ஆரின் மணிக்கொரு தரம் “வந்துச்சா, வந்துச்சா” என்று கேட்டு உயிரை எடுத்தபோது, தாங்கமாட்டாமல் மார்லிஸ்தான் “வந்துடுச்சு, டுவேன் கொண்டு போயிட்டான்” என்று சொல்லிவைத்தாள். அன்று டுவேனுக்குக் கோபம் வந்தது. அவன் கோபப்பட்டதற்கு வேறு காரணம் இருந்தது. அது நான்காக மடித்த ஒரு தாளாக அவன் சட்டைப் பையில் இருந்தது.

போன ஜூலையில், மாநிலப் போட்டியின் கடைசிப் பகுதி. அறுநூறு கெஜத் தூரம், குப்புறப் படுத்துச் சுட வேண்டும். ஆரின் சுட்டான், பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து டுவேன் மதிப்பெண் எழுதினான். இந்த விளையாட்டில் ஒரு பழக்கம் உண்டு. குண்டு போனதும் இலக்கு பள்ளத்துக்குள் இறங்கும். அங்கே இருப்பவர்கள் துளையில் குறி செருகி மறுபடி ஏற்றுவார்கள். அது ஏறி வருவதற்குள், சுட்டவன் குண்டு எங்கே போயிருக்கும் என்று சொல்லிவிட வேண்டும். தன் குறிப்பேட்டில் புள்ளியும் வைக்க வேண்டும். சொன்ன இடத்திலேயே துளை இருந்தால், நல்லதோ கெட்டதோ, சுட்டவன் பொறுப்பு. சொன்னது ஓரிடம், துளை வேறோரிடம் என்றால் காற்று. காற்றில்லை என்றால் துப்பாக்கி.

“நடு” என்றான் ஆரின். இலக்கு ஏறியது. குறி, கடிகாரத்தில் நாலு மணி இருக்கும் பக்கம், நடுவின் பத்துக்கு வெளியே எட்டாம் வளையத்தில் இருந்தது.

“நடு” என்றான் மறுபடி. நாலு மணி, ஏழு. புல்லின் நுனிகூட அசையவில்லை. அடுத்ததும் நடு என்றான். ஆறு.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவர்களுடைய துப்பாக்கி சுடும் சங்கத்திலும் அப்படிப்பட்டவர்களுக்குக் குறைவில்லை. நாலு குண்டு தவறினால் போதும், “பேரல் போச்சுப்பா” என்று, துப்பாக்கி பழுதுபார்க்கும் டுவேனின் கொட்டகைக்கு வந்து நிற்பார்கள். ஆரின் அவர்களைக் கேலி செய்தே முப்பது வருடம் ஓட்டியவன். அவன் குறிப்பேட்டில் வைத்த புள்ளிக்கும் துளைக்கும் கட்டைவிரல் அகலம் வித்தியாசம் வந்ததில்லை. ஆடத் தெரிந்தவனே கூடம் கோணல் என்றால் யார்தான் நம்பமாட்டார்கள்? டுவேன் நம்பினான். குழலுக்குள் மெல்லிய கேமராக் குழாயை விட்டுப் பார்த்தான். உள்ளே காய்ந்த ஏரிச் சேறு மாதிரி வெடிப்பு. ஐயாயிரம் குண்டு போன எந்தக் குழலிலும் அந்த வெடிப்பு இருக்கும், அதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. அது டுவேனுக்குத் தெரியும். மணல் மூட்டையில் துப்பாக்கியை வைத்துப் பத்துக் குண்டு சுட்டிருந்தால் அரைமணியில் தெரிந்துபோயிருக்கும். சுடவில்லை. அண்ணன் சொல்லைச் சோதிப்பதா என்று நினைத்தான்.

“போச்சு ஆரின். தேஞ்சுபோச்சு” என்றான்.

அந்த ஆகஸ்டு மாதம் போல அண்ணனும் தம்பியும் சந்தோஷமாக இருந்த மாதம் வேறில்லை. தினமும் மாலையில் மார்லிஸின் சமையலறை மேசையில் விலைப்பட்டியல்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். குழலின் உள்வரி எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும் என்பதில் சண்டை. நீளக் குண்டுக்கு ஏழு வேண்டும், கட்டைக் குண்டுக்கு எட்டு போதும்.

“எட்டு” என்றான் டுவேன். “நீ ஒரே நாள்தான் அறுநூறு கெஜம் சுடுற. மத்த நாளெல்லாம் இருநூறு.”

“அந்த ஒரே நாளுக்காகத்தாண்டா மத்த நாளெல்லாம். ஏழே முக்கால்.”

“ஏழே முக்கால்னு இவனுக்குன்னு தனியா செய்வாங்களாம்!”

“செய்வாங்க. கேட்டுட்டேன்.”

அந்த மாலைகளில் ஒன்றில் ஆரின் மூன்றாவது ஆஸ்பிரினை விழுங்கியதை டுவேன் பார்த்தான். இன்னொரு நாள் ஆரின் காப்பியைக் கோப்பைக்கு வலப்புறம், மேசைமேல் ஊற்றினான். “பேரல் மட்டுமில்ல, உன் காப்பிக் கெட்டிலும் தேஞ்சுபோச்சு” என்றான் டுவேன். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மார்லிஸ் துடைத்தாள்.

நவம்பரில் ஆரின் தன் வீட்டுத் தபால் பெட்டிமீதே வண்டியை ஏற்றினான். படம் எடுத்துப் பார்த்ததில் மூளைக்குள் கோழிமுட்டை அளவுக்குக் கட்டி. கண்பார்வையில் வலது கீழ்ப்பக்கம் போய்விட்டது, ஆனால் போனது அவருக்கே தெரிந்திருக்காது என்றார் டாக்டர். இல்லாத பக்கத்தை மூளையே இட்டுக்கட்டி நிரப்பிக்கொள்ளுமாம். “ஜூலைலயே கூட்டிட்டு வந்திருந்தா?” என்று மார்லிஸ் கேட்டாள். டாக்டர் திரையைப் பார்த்தபடியே, “சொல்ல முடியாதும்மா” என்றார். டுவேன் அந்த அறையில்தான் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான்.

அதற்குப் பிறகுதான் அவன் செய்ய வேண்டியதைச் செய்தான். பழைய குழலோடு துப்பாக்கியை எடுத்துப்போய், ஆளில்லாத மைதானத்தில், உறைபனியில், மணல் மூட்டைமேல் வைத்து இருநூறு கெஜத்துக்குப் பத்துக் குண்டு சுட்டான். போய்ப் பார்த்தான். ஜாம் பாட்டில் மூடியை வைத்தால் பத்தும் அதற்குள் மறைந்துவிடும். நட்ட நடுவில் இருந்தன. மறுபடி ஒரு தாள் மாட்டிப் பத்து சுட்டான். அதுவும் அப்படியே. குழலுக்கு ஒன்றுமில்லை. ஜூலையிலும் ஒன்றுமில்லை. டுவேனின் கை சும்மா இருக்கவில்லை. எப்போதும் செய்கிறபடி முதல் தாளின் மேல் மூலையில் பென்சிலால் தேதியும் குண்டுக் கணக்கும் எழுதியது.

அன்றிலிருந்து அந்தத் தாள் அவனிடம் இருக்கிறது. சொல்லிவிட வேண்டும் என்று வருவான். ஆரின் தூங்கிக்கொண்டிருப்பான். விழித்திருந்தால் மார்லிஸ் இருப்பாள். இருவரும் இல்லாவிட்டால் தைரியம் இருக்காது. திட்டு வாங்கினால்கூடப் போதும் என்று இருந்தது அவனுக்கு. அண்ணன் கேட்காமல் போய்விட்டால் பிறகு யாரிடம் திட்டு வாங்குவது?

மினியாபொலிஸ் விமான நிலையத்தில் பனியில் மாட்டிக்கொண்ட ஆரினின் மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். மார்லிஸ் சமையலறைக்குப் போனாள். டுவேன் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்தான்.

“ஆரின், ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லு. எங்கேயும் போகல.”

டுவேன் தாளைப் பிரித்து அண்ணனின் வலக்கையில் வைத்தான். ஆரின் அதை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, மிச்சமிருக்கும் பார்வைக்குள் வரும்வரை தலையை மெல்லத் திருப்பினான். நெடுநேரம் பார்த்தான்.

“இருநூறு கெஜமா?”

“ஆமா.”

“எத்தன?”

“பத்து. ஆரின், இது வந்து...”

“முட்டாப் பயலே, இத ஏண்டா பாக்கெட்ல வச்சுக்கிட்டுச் சுத்துற?” ஆரினின் வாய் ஒரு பக்கமாகச் சிரித்தது. “ஏழே முக்கால்னு சொன்னேனா இல்லையா?”

டுவேனுக்கு முதலில் புரியவில்லை. புதிய குழலில் சுட்ட தாள் என்று அண்ணன் நினைத்துவிட்டான்.

“நீ எட்டுன்ன” என்றான் ஆரின்.

“எட்டுன்னேன்.”

“ஒத்துக்கோ.”

“ஒத்துக்கறேன்.”

ஆரின் தாளை மார்மேல் வைத்துக்கொண்டான். மூச்சு வாங்கியது. “குளிர்காலம் பூரா அதேதாண்டா நெனப்பு. டாக்டர் சொன்னாரே, கண்ணு போனது எனக்கே தெரியாதுன்னு. அப்ப ஜூலைல கோளாறு பேரல்லயா, என்கிட்டயா? முப்பது வருஷமா நான் நடுன்னு சொன்னதெல்லாம்...” நிறுத்தி எச்சில் விழுங்கினான். “பேரல்தான். மாத்தினதும் பாரு, எல்லாம் நடுவுல. என் கண்ணு பொய் சொல்லல.”

சொன்னால் தன் பாரம் இறங்கும், ஆனால் இறங்குவது அண்ணன் மார்மேல் என்று டுவேனுக்குத் தெரிந்தது.

“பேரல்தான்” என்றான் டுவேன். “நீ நடுன்னா நடுதான்.”

“பொடியா” என்றான் ஆரின். கண்ணை மூடிக்கொண்டான். அதற்குமேல் அவன் பேசவில்லை.

மார்லிஸ் வாசல்நிலையில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. டுவேன் சமையலறைக்குப் போனதும் பின்னாலேயே வந்து அவன் முழங்கையைப் பிடித்தாள்.

“எங்கே புடிச்ச அந்தத் தாள? யார் சுட்டது?” என்று கிசுகிசுத்தாள். “எனக்குத் தோணவே இல்ல பாரு. நல்ல காரியம் பண்ணின டுவேன். அந்த மூஞ்சிய பாத்தியா?”

“பாத்தேன்.”

“நான் பொய் சொன்னப்ப என்னமா கோச்சுக்கிட்ட! இப்ப நீயே...” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவனுக்கு ஒரு கோப்பை காப்பி ஊற்றித் தந்தாள். குடித்துத்தான் ஆக வேண்டியிருந்தது.

பெக்கி சொன்னபடியே மத்தியானம் நம்பும்படி இல்லை. பன்னிரண்டு மணிக்கு மேல் மூச்சுக்கும் மூச்சுக்கும் இடைவெளி கூடியது. இலக்கு இறங்கி ஏறும் நேரம் டுவேனின் உடம்புக்குத் தெரியும். அதே கணக்கில் அவனையறியாமல் காத்திருந்தான். ஒவ்வொரு தடவையும் மூச்சு ஏறியது. வெளியே பனி தள்ளும் வண்டி போயிற்று, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அந்தச் சத்தம் அடங்கிய பிறகு வர வேண்டிய மூச்சு வரவில்லை. இருவரும் இன்னும் காத்திருந்தார்கள். கடைசியில் மார்லிஸ்தான் எழுந்து போர்வையைச் சரிசெய்தாள்.

சவ அடக்கக்காரர் வந்து உடம்பை எடுத்துப் போகும்போது, உடுப்பை ஐந்து மணிக்குள் கொடுத்தால் நல்லது என்றார். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி கோழியும் நூடுல்ஸும் போட்டுச் சுட்ட தட்டை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனாள். மார்லிஸ் சமையலறையில் இஸ்திரிப் பலகையை விரித்து வெள்ளைச் சட்டையைத் தேய்த்தாள். பழுப்புக் கோட்டு நாற்காலி முதுகில் தொங்கியது. டுவேன் மேசையருகே உட்கார்ந்திருந்தான்.

“அந்தத் தாள் எங்கே?” என்றாள்.

அவர்கள் தூக்கும்போது அது மார்மேலிருந்து நழுவியது. டுவேன் எடுத்துப் பைக்குள் போட்டிருந்தான்.

“அது எதுக்கு? கசங்கிப்போச்சு” என்றான்.

“உள்பாக்கெட்ல வைக்கணும். குடு.”

கையை நீட்டியபடியே நின்றாள். இஸ்திரிப்பெட்டி உஸ்ஸென்றது. டுவேன் கொடுத்தான்.

அவள் அதைப் பலகைமேல் வைத்துச் சுருக்கத்தைக் கையால் நீவினாள். நடுவிலிருந்த பத்துத் துளைகளையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். விரல் மேல் மூலைக்கு வந்து நின்றது. மூக்குக்கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கிக்கொண்டாள்.

“டிசம்பர் பதினாலு” என்று படித்தாள்.

டுவேன் நாற்காலியிலிருந்து எழுந்தான்.

“அன்னிக்குத்தான் ஆரின ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டு நீ வரல. ஃபோனும் எடுக்கல.”

“ஆமா.”

“இது ஆரின் துப்பாக்கி.”

“ஆமா.”

“பழைய பேரல்.”

அவன் தலையை மட்டும் அசைத்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே, நவம்பரில் சாய்ந்த தபால் பெட்டி இன்னும் சாய்ந்தே நின்றது. தலையில் பனி ஒரு சாண் உயரத்துக்கு ஏறியிருந்தது. டுவேன் அவள் கேட்கப்போவதற்காகக் காத்திருந்தான். கேட்டால் ஒவ்வொன்றாகச் சொல்லிவிடலாம் என்று இருந்தான்.

மார்லிஸ் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். இழுப்பறையைத் திறந்து, கோழி வெட்டுகிற பெரிய கத்தரிக்கோலை எடுத்து, பென்சில் எழுத்து இருந்த மூலையை மட்டும் நேராக வெட்டினாள். வெட்டிய துண்டைத் தொட்டிக்கடியில் இருந்த கூடையில், காலைக் காப்பிச் சக்கையின்மேல் போட்டாள். மிச்சத்தை நான்காக மடித்துக் கோட்டின் உள்பைக்குள் வைத்தாள். அந்தப் பைக்குப் பொத்தான் இல்லை. கையில் கோட்டுடன், எங்கேயோ ஒரு ஊக்கு இருந்ததே என்று இழுப்பறைக்குள் தேட ஆரம்பித்தாள்.