மூணாம் மேசைக்காரியின் கொம்பு

விசைப்பலகை விஷயத்தில் மேலாளரோடு வாய்த்தகராறு நடந்ததற்கு மறுநாள் காலை, பாடநூல் அச்சகத்தில் மூணாம் மேசையில் தட்டச்சு செய்கிறவளுக்கு இடது புருவத்துக்கு மேலே கொம்பு முளைத்தது. மாட்டுக் கொம்பு இல்லை. 'கெ' என்று எழுதும்போது ககரத்துக்கு முன்னால் வந்து நிற்குமே, அந்த ஒற்றைக் கொம்பு. சுண்டுவிரல் உயரம், மை நிறம், கீழே அழகாக ஒரு சுழி. தலை வாரும்போது சீப்பு இடித்ததால்தான் தெரிந்தது. "வலிக்குதா?" என்று கேட்டார் கணவர். "அரிக்குது" என்றாள். அன்றைக்கும் நேரத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

தகராறு ஒன்றும் பெரிதில்லை. அந்த அச்சகத்தில் ஆளாளுக்கு ஒரு வழக்கம். ஒண்ணாம் மேசைக்காரர் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழை வரவழைப்பார். நாலாம் மேசைக்காரர் காற்புள்ளியைக் கட்டைவிரல் பக்கம் கடத்தி வைத்திருந்தார். இவள், கையால் எழுதுகிற மாதிரியே, கொம்பை முதலில் அடித்து எழுத்தைப் பிறகு அடிப்பாள். அதோடு விட்டாளா? தமிழில் பெரிய எழுத்து என்று ஒன்று ஏது, கேப்ஸ் லாக் எதற்குச் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறது என்று கேட்டு, அதைப் புள்ளி வைக்கிற வேலைக்கு மாற்றிவிட்டாள். புதிதாக வந்த மேலாளருக்கு இதெல்லாம் கண்ணில் விழுந்த தூசி. யாரும் எந்த மேசையிலும் உட்கார்ந்து அடிக்க முடிய வேண்டும், எல்லாருக்கும் ஒரே அமைப்பு, எழுத்து முதலில், கொம்பு பிறகு என்று உத்தரவு போட்டார். மற்றவர்கள் முனகிக்கொண்டே மாறினார்கள். இவள் மாறவில்லை. "எல்லாரும் மாத்தியாச்சு. உங்களுக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு?" என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டார். கேட்டார், முளைத்தது. அதற்கு அவள் என்ன செய்வாள்.

மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்து, எலும்புதான், பத்து நிமிஷத்தில் வெட்டிவிடலாம் என்றார். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டாள். மேலாளரும் அப்படியொன்றும் கல்நெஞ்சக்காரர் இல்லை. அந்த நெற்றியைப் பார்த்ததும் கொஞ்சம் இறங்கி வந்தார். "விரல்ல ஏதோ கோளாறுன்னு ஒரு டாக்டர் சர்டிபிகேட் குடுத்துடுங்கம்மா. உங்களை மட்டும் விட்டுடறேன்." கணவரும் அதையே பிடித்துக்கொண்டார்: "ஒரு சின்னப் பொய்தானே, சொல்லிட்டுப் போயேன்." அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பிடித்திருக்கிறது என்று சொல்வதற்கு நோயாளி வேஷம் போட வேண்டுமா? "என் விரலுக்கு ஒரு கேடும் இல்ல. இப்படி அடிக்க எனக்குப் பிடிச்சிருக்கு. அதுக்கு மேல ஒரு காரணமும் கிடையாது" என்று மேலாளரிடம் போய்ச் சொன்னாள். அப்படியானால் மாசக் கடைசியோடு நின்றுகொள்ளுங்கள் என்றவர், அதுவரைக்கும் கம்ப்யூட்டரைப் பிடுங்கிக்கொண்டு வெறும் மேசை முன்னால் உட்கார வைத்தார். பயமாகத்தான் இருந்தது அவளுக்கு. கல்யாணத்துக்கு முன்னாலிருந்து பார்த்த வேலை, வேறொன்றும் தெரியாது. கணவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் ஹெல்மெட்டில், இடது பக்கம், அளவாக ஒரு ஓட்டை போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.

கம்ப்யூட்டரைப் பிடுங்கிய மூன்றாம் நாள் மற்ற மேசைகளின் கொம்புகள் கிளம்பின. ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு எல்லாம் திரையிலிருந்தும் தாளிலிருந்தும் இறங்கி, எறும்பு மாதிரி வரிசை பிடித்து வந்து அவளுடைய வெறும் மேசையில் உட்கார்ந்துகொண்டன. கணக்குப் புத்தகத்தில் 'கோடு போடு' என்று இருந்த இடத்தில் 'காடு பாடு' என்று நின்றது. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான 'பொய் பேசாதே', 'பாய் பசாத' ஆகிவிட்டது. புதிதாக அடித்தாலும் அடித்த சூட்டோடு இறங்கி ஓடின. மேலாளர் அறைக் கதவிலும் 'மலாளர்' என்றுதான் மிச்சம் இருந்தது. அந்தப் பக்கம் வேலையே இல்லாதவர்கள்கூட ஒரு நடை போய்ப் படித்துவிட்டு வந்தார்கள்.

கடைசியில் அவரே மூணாம் மேசைக்கு வந்தார். "மேலிடத்துல கேட்டா நான் என்னம்மா காரணம் சொல்றது?"

"அவளுக்குப் பிடிச்சிருக்குன்னு சொல்லுங்க."

"அதெல்லாம் ஒரு காரணமா?"

அவள் கையைக் கட்டிக்கொண்டாள். மேசையில் இருந்த கொம்புகளும் அசையவில்லை. அவர் பெருமூச்சு விட்டுப் போனை எடுத்தார். "அவங்களுக்கு அப்படித்தான் பிடிச்சிருக்காம், சார்" என்றார். "பிடிச்சிருக்கா?" என்று அந்தப் பக்கம் ஒருமுறை கேட்டுக்கொண்டார்கள். பிறகு, சரி என்றார்கள். கம்ப்யூட்டர் திரும்பி வந்தது, கொம்புகள் தத்தம் வார்த்தைக்குத் திரும்பிப் போயின. மேலாளர் அறைக் கதவுக்கு உரியது மட்டும் சாவகாசமாக, எல்லாம் போன பிறகு போனது. அந்த வாரமே நாலாம் மேசைக்காரர் தன் காற்புள்ளியைக் கட்டைவிரல் பக்கம் கொண்டுவந்துவிட்டார், யாரையும் கேட்காமல்.

அவள் நெற்றியில் இருந்தது உதிரவில்லை. வருஷங்கள் போயின, மேலாளர்கள் மாறினார்கள், இரண்டு ஹெல்மெட் தேய்ந்தன. கொம்பா முளைச்சிருக்கு என்று யாரையாவது திட்ட வாயெடுக்கிறவர்கள், அந்தத் தெருவில், முதலில் எதிராளியின் நெற்றியை ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்கள். ஒருமுறை காய்ச்சல் என்று போனபோது அதே மருத்துவர், "இன்னும் ஏம்மா வச்சிருக்கீங்க? பத்து நிமிஷ வேலை" என்றார்.

"பிடிச்சிருக்கு" என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டுக் காய்ச்சலுக்கு மாத்திரை எழுதினார்.